‘மீதிங்க்ஸ்’ என்றால் ‘நான் நினைக்கிறேன்’ இல்லை

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். தோற்றத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொற்கள் 200 என்று ஒரு நோட்ஸை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதில் ‘மீதிங்க்ஸ்’ என்றால் ‘ஐ திங்க்’, ‘வான்’ என்றால் வெளிறிய என்று இருக்கிறது. நூலகத்து அகராதி வேறு மாதிரி சொல்கிறது. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. எதைப் படிப்பது?

பதில்: அகராதியைப் படியுங்கள். அந்த நோட்ஸை மூடி வைத்துவிடுங்கள்.

முதலில் ‘மீதிங்க்ஸ்’. இந்தச் சொல்லைப் பிடிப்பது இன்றைய இங்கிலீஷ்காரரைவிடத் தமிழ் பேசுகிறவருக்குச் சுலபம். ‘அவர் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது’ என்கிறோம். அதில் ‘நான்’ எங்கே? இல்லை. ‘எனக்கு’தான் இருக்கிறது. ‘மீதிங்க்ஸ்’ என்பதில் முன்னால் நிற்கும் ‘மீ’ அந்த ‘எனக்கு’தான், நம் நாலாம் வேற்றுமை. பின்னால் நிற்பது ‘நினை’ இல்லை, ‘தோன்று’. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வினைகள். நினைப்பதற்கு ஏறத்தாழ ‘தெஞ்ச்சன்’, தோன்றுவதற்கு ‘திஞ்ச்சன்’. ஓசை இவ்வளவு நெருக்கமாக இருந்ததால் பிற்காலத்தில் இரண்டும் கலந்துபோய், ‘திங்க்’ என்ற ஒரே சொல் மிஞ்சியது.

இப்படி ‘எனக்கு’ போட்டுப் பேசுவது அப்போது சாதாரணம். 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் உபாகமம் 23:16-ஐ எடுத்துப் பாருங்கள். தப்பி வந்த அடிமை ‘இட் லைக்கெத் ஹிம் பெஸ்ட்’ என்ற இடத்தில் குடியிருக்கலாம் என்று இருக்கும். அவன் விரும்புகிற இடம் என்பதைவிட, அவனுக்குப் பிடித்த இடம் என்றால் அந்த இலக்கணம் அப்படியே வந்துவிடுகிறது. தமிழிலிருந்து நேராகப் போனால் ஒரு படியில் முடிகிற வேலை. நோட்ஸ் எழுதுகிறவர்கள் இன்றைய ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ப் பாதி வழியில் பொருளைத் தொலைத்துவிடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்துக்குள் இரண்டு வினைகளும் கலந்துவிட்டன. அதனால் சில இடங்களில் ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதினாலும் குடி முழுகிவிடாது. ஹாம்லெட் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் அரசி சொல்வது: ‘த லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ்’, அதாவது அந்தப் பெண் அளவுக்கு மீறி உறுதி சொல்கிறாள் என்று. இங்கே இரண்டு பொருளும் ஓடும். ஆனால் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் ரிச்சர்டின் அண்ணன் கிளாரன்ஸ் சிறையில் தன் கனவைச் சொல்லும்போது ‘மீதாட்’ என்று, அதாவது ‘மீதிங்க்ஸ்’ என்பதன் இறந்த காலத்தில், தொடங்குகிறான். தன்னை அடைத்திருக்கும் லண்டன் டவரிலிருந்து தப்பிவிட்டதாக அவன் நினைக்கவில்லை. கனவில் அவனுக்கு அப்படித் தோன்றியது. அங்கே ‘நினைத்தேன்’ என்று எழுதினால் அந்தக் கனவே போய்விடும். ஆக, சந்தேகம் வந்தால் ‘தோன்றுகிறது’ என்றே எழுதுங்கள். அது எந்த இடத்திலும் கெடுக்காது.

அப்புறம் அரசியின் அந்த வரி. விற்பனைக்கு வரும் நோட்ஸ்களில் பெரும்பாலும் ‘மீதிங்க்ஸ்’ வரியின் தொடக்கத்தில் இருக்கும். நாடகத்தில் அது கடைசியில் வருகிறது. ஒருவர் தப்பாக எழுதியதை அடுத்தவர் நகல் எடுத்து, அட்டையை மாற்றி, விலையை ஏற்றி விற்கிறார். உங்கள் நோட்ஸிலும் இந்த வரி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அந்த 200 சொல்லும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிடும்.

‘வான்’ விஷயம் இன்னும் மோசம். டபிள்யூ, ஏ, என் என்று எழுதும் அந்தச் சொல்லுக்கு இன்று வெளிறிய என்பதுதான் பொருள். பழைய ஆங்கிலத்திலோ அது இருண்ட, கருமையான. பேவுல்ஃப் காவியத்தில் போர்க்களத்துப் பிணங்களுக்குக் காத்திருக்கும் அண்டங்காக்கைக்கு இதே அடைமொழி வருகிறது. ‘வெளிறிய காக்கை’ என்று எழுதிய விடைத்தாள்களை நானே திருத்தியிருக்கிறேன். ஒளி இழந்த கருமையிலிருந்து நோயாளியின் ஒளி இழந்த முகத்துக்குப் போய், அங்கிருந்து வெளுப்புக்கு வந்து நின்ற சொல் அது. அதே காவியத்தில் வாளுக்கு ‘பழுப்பு விளிம்பு’ என்று வரும். பளபளக்கும் விளிம்பு என்பதுதான் அங்கே பொருள், துரு இல்லை.

‘சீம்லி’க்கு அழகான என்று மட்டும் எழுதாதீர்கள். தகுந்த, முறையான என்பதே அதன் அடிப்படை. ‘சீம்’ என்ற வினையே பொருந்துதல் என்ற பொருளில் ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ‘ஃபேர்’ என்பதற்கு முதலில் அழகு, சிவந்த நிறம் பிறகு வந்தது. ‘அக்லி’ தொடக்கத்தில் அச்சம் தருவது.

இன்னொன்று, இதில் மதிப்பெண் போகும். ஷேக்ஸ்பியர் மொழியைப் பழைய ஆங்கிலம் என்று எழுதவே கூடாது. பழைய ஆங்கிலம் ஏறத்தாழ 1100-க்குள் முடிந்துவிட்டது. 1400-ல் இறந்த கவிஞர் சாசர் இடைக்கால ஆங்கிலம். 1564-ல் பிறந்த ஷேக்ஸ்பியர் தொடக்க கால நவீன ஆங்கிலம்.

இதையெல்லாம் சரியாக எழுதினாலும் மதிப்பெண் வருமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். திருத்தும் முகாம் ஒன்றில் ‘இட் சீம்ஸ் டு மீ’ என்று எழுதிய மாணவிக்குச் சுழியம் போடச் சொன்னார்கள், ஏனென்றால் விடைக்குறிப்பில் ‘ஐ திங்க்’ என்று இருந்தது. அரை நாள் வாதாடித்தான் அந்த இரண்டு மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்தேன். விடைக்குறிப்பு தயாரித்தவரும் ஏதோ ஒரு நோட்ஸைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். பல நூற்றாண்டு மொழியை ஒரு யூனிட்டில் அடைத்து, மூல வரி ஒன்றைக்கூடக் காட்டாமல் சொற்பொருள் மாற்ற வகைகளுக்குப் பெயர் மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் வேறு என்ன நடக்கும்?

அதனால் நீங்கள் இப்படி எழுதுங்கள்: முதலில் சரியான பொருள், அடுத்து அது வரும் ஒரு வரி, பிறகு ‘இன்று இப்படி வழங்குகிறது’ என்று ஒரு வாக்கியம். குறிப்பை வைத்துத் திருத்துகிறவரும் அதற்கு மதிப்பெண் தர வழி இருக்கும். 200 சொல் வேண்டாம், 20 போதும். பேவுல்ஃப் காலச் சொற்களுக்கு பாஸ்வொர்த்-டோலர் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஷேக்ஸ்பியர் சொற்களை அதில் தேடாதீர்கள். நாடகப் பதிப்பின் அடிக்குறிப்பு அதற்குப் போதும்.