அப்பா சொன்னதுதான் சரி, தம்பி

கேள்வி: எனக்கு 43 வயது. லண்டனில் வேலை. ஜூன் மாதம் நண்பர்கள் நான்கு பேர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ஐந்து நாள் கோல்ஃப் ஆடப் போனோம். குலுக்கலில் அங்குள்ள புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸ் மைதானமே கிடைத்தது. கோல்ஃபில் அடிகளின் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது; வழக்கமாக 95-க்குள் முடிப்பவன், அன்று 121. 14-வது குழியின் 'ஹெல்' பங்கர் என்கிற மணல் பள்ளத்தில் மட்டும் ஆறு முறை அடித்தேன். வாட்ஸ்ஆப் குழுவில் கேலி இன்னும் ஓயவில்லை; எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானம் மூடல் என்பதால் அந்த நாளும் வீண். நண்பர்கள் நால்வரும் காரில் எடின்பரோ போய்வந்தோம். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அப்பாவையும் (72, கணக்கு வாத்தியாராக இருந்தவர்) செயின்ட் ஆண்ட்ரூஸுக்குக் கூட்டிப்போயிருந்தேன். கூடுதல் பணம் கட்டி, மைதானம் தெரிகிற ஜன்னல் உள்ள அறையாக எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நாங்கள் திரும்பியதும், அறையிலேயே இருந்த அப்பா, "அங்கே எல்லாரும் நடக்கிறாங்களேடா" என்றார். மூடியிருக்கிறது என்று சொன்னால் நம்பவே இல்லை. அடுத்த ஆண்டு மறுபடி முயலட்டுமா, ஆட்டத்தையே விட்டுவிடட்டுமா? ஆகஸ்ட் கடைசியில் அப்பா ஊருக்குத் திரும்புகிறார். அதற்குப் பிறகு பயிற்சிக்கு நேரம் கிடைக்கும்.
– பெயர் வேண்டாம், லண்டன்

பதில்: ஆட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதை முதலில் முடித்துவிடுவோம். ஓல்ட் கோர்ஸ் லிங்க்ஸ் வகை மைதானம்; கடற்கரைக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் மணல் பூமிதான் லிங்க்ஸ். காற்றைத் தடுக்க அங்கே மரம் கிடையாது, தரையும் இறுகியிருக்கும். உள்நாட்டு மைதானத்தில் அடிப்பதுபோல் பந்தை உயரத் தூக்கினால் காற்று அதைத் தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோகும். தாழ்வாக அடித்து உருளவிட வேண்டும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு வெளியே இருபது கஜம் தள்ளி நின்றாலும் கூச்சப்படாமல், பந்தை உருட்டும் மட்டையான புட்டரை எடுக்கலாம். ஹெல் பங்கரின் சுவர் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். 1995 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸுக்கே அதிலிருந்து வெளியே வர நான்கு முறை அடிக்க வேண்டியிருந்தது, அந்தக் குழிக்கு மொத்தம் 10. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரே அடியில் வெளியே வரப் பழகுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 121 பற்றி என்னிடம் வேறு பேச்சில்லை. ஸ்கோர் போய்விட்டது, மானம் போய்விட்டது என்று வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அப்பா சொன்ன அந்த ஒரு வரியைத்தான்.

அவர் சொன்னது உண்மை, தம்பி. பெரிய போட்டிகள் நடக்கும் வாரங்களைத் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்ட் கோர்ஸ் ஆட்டத்துக்கு மட்டும்தான் மூடல். ஊருக்கு அன்று அது பூங்கா. குழந்தையும் நாயுமாகக் குடும்பங்கள் அந்தப் புல்லின் மேல் நடக்கும். 18-வது குழிக்குப் போகும் வழியில் இருக்கும் ஸ்வில்கன் கல்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். டிக்கெட் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அந்த நிலத்தில் ஊர்மக்கள் விளையாடும் உரிமை 1552-லேயே ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டனின் பத்திரத்தில் ஏறியது. நான்கு பேரும் அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பணம் கட்டி ஆடினீர்கள். இது ஒருவருக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனிதர் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அவரைப் போய், நம்பவில்லை என்று குறை எழுதுகிறீர்கள்.

அன்று நீங்கள் திரும்பியது ஏழு மணிக்கு. ஜூன் மாதத்தில் அந்த ஊரில் பொழுது சாய இரவு பத்து மணி ஆகும். மூன்று மணி நேர வெளிச்சம் மிச்சம் இருந்தது. "வாங்கப்பா, போய்ப் பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் உங்களிடம் தகவல் சொல்லவில்லை. என்னையும் கூட்டிப்போடா என்று கேட்டார். நம் அப்பாக்கள் இதைவிட வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள். நாள் முழுக்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் யாரிடமும் பேச்சில்லாமல் அறையில் இருந்திருக்கிறார். எடின்பரோவுக்கு அவரை ஏன் கூட்டிப்போகவில்லை என்று நீங்கள் எழுதவும் இல்லை. ஜன்னலுக்குக் கூடுதல் பணம் கட்டியதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பெற்றவருக்கு நல்ல இடத்தில் அறை எடுத்துக் கொடுப்பதைக் கடமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரோடு நடப்பதுதான் கடமை. அவர் ஊருக்குப் போன பிறகு நேரம் கிடைக்கும் என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்து எனக்குக் கோபமே வந்தது.

ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். நண்பர்கள் வேண்டாம், கோல்ஃப் பையும் வேண்டாம். கிங்ஸ் கிராஸில் ரயிலேறினால் லூக்கர்ஸ். அங்கிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம்தான். சனிக்கிழமையே போய்த் தங்குங்கள். அப்பாவுக்குக் காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று வாங்குங்கள், கடற்காற்று ஆகஸ்டிலும் குளிரும். சனிக்கிழமை நேரம் இருந்தால் 'ஹிமாலயாஸ்' என்கிற மேடுபள்ளமான புட்டிங் கிரீனுக்குக் கூட்டிப்போங்கள். 1867-ல் தொடங்கிய பெண்கள் கிளப்புடையது அது. சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம், கோல்ஃப் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கையில் ஒரு புட்டரைக் கொடுங்கள்.

ஞாயிறு காலை மெதுவாக நடங்கள், அவர் வேகத்துக்கு. ஓல்ட் கோர்ஸில் ஏழு கிரீன்களை இரண்டிரண்டு குழிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2-ம் 16-ம், 3-ம் 15-ம், உங்களைப் படுத்திய 14-க்கு ஜோடி 4. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். இதை நீங்கள் சொல்லாதீர்கள், கணக்கு வாத்தியார் அவரே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் கல்பாலத்தின் மேல் நின்று ஊர்ப்பக்கம் திரும்பி, ஜூனில் எந்த ஜன்னலிலிருந்து பார்த்தார் என்று காட்டச் சொல்லுங்கள்.