பழைய தேக்கு உத்திரத்தில் ஏறிய பெயிண்டை எடுக்க என்ன வழி?

பாட்டி வீட்டுக் கூடத்து உத்திரங்களுக்கு யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்கள், மரம் தெரிகிற மாதிரி எடுக்க முடியுமா, எந்த ரிமூவர் (பெயிண்டை இளக்கும் ரசாயனம்) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் ரிமூவர் வாங்க இப்போதே கடைக்குப் போய்விடாதீர்கள்.

உங்கள் வீட்டில் அந்த "யாரோ" யாரென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் சித்தப்பா. மயிலாடுதுறைப் பக்கம் முற்றம் வைத்த வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை (மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தட்டையான கூரை), பர்மா தேக்கு உத்திரம். அத்தை கல்யாணத்துக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று பச்சை எனாமல் அடித்தார். அடுத்த விசேஷத்துக்கு நீலம். கடைசியாகக் காபிப்பொடி கலர். கேட்டால் மரம் மாதிரி இருக்குமாம். மரத்துக்கு எதற்கய்யா மரக்கலர்?

நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் எடுத்தேன். பார்க்க வந்த கான்ட்ராக்டர், கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். கம்பி பிரஷ் மரத்தில் மெத்தென்ற ரேகையைத் தின்றுவிட்டுக் கெட்டியான ரேகையை மட்டும் வரிவரியாக நிறுத்திவிடும். போதிகையில், அதாவது தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டையில், இருக்கிற பூ வேலை மொட்டையாகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் தூசி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமல், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு என்றால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரோ காய்ந்த உப்புத்தாளோ போட்டால் அத்தனையும் பொடியாகி வீடு முழுக்கப் படியும். தவழ்கிற குழந்தை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். பேத்திக்கு அப்போது தவழும் வயது. வேலை முடியும்வரை மகளையும் அவளையும் சம்பந்தி வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டேன். "நாங்கள் எல்லாம் அந்தப் பெயிண்டோடு வளரவில்லையா" என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற பெயிண்டும் பொடியாகிப் பறக்கிற பெயிண்டும் ஒன்றல்ல.

எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், வயதானவர், உத்திரத்தின் மூலையில் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "அடியில சுண்ணாம்பு இருக்கு, பயப்படாதீங்க" என்றார். பெயிண்ட் வருவதற்கு முன்னால் சுவரோடு சேர்த்து உத்திரத்துக்கும் வெள்ளை அடித்திருக்கிறார்கள். அந்த இடங்களில் எனாமல் மரத்தைப் பிடிக்கவே இல்லை. தண்ணீர் தெளித்துச் சுரண்டும் தகட்டை வைத்து நெம்பினால் அப்பளம் மாதிரி வந்தது. மிச்சமிருந்த சுண்ணாம்பு ஈரத்துணிக்கும் நார் பிரஷ்ஷுக்கும் போய்விட்டது. அதனால் முதலில் நான்கைந்து இடத்தில் சுரண்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பெயிண்ட் மரத்தை நேரடியாகப் பிடித்த இடத்துக்கு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்தான். குறைந்த சூட்டில் வையுங்கள். 590 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஈயம் புகையாக வரும். பெயிண்ட் கொப்பளித்ததும் சூட்டை நகர்த்திவிட்டுச் சுரண்ட வேண்டும், ஒரே இடத்தில் காட்டினால் மரம் கருகும். உத்திரத்தில் ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) அடித்துப் பழைய வயர் ஓடியிருந்தால் மெயினை அணைத்து அதைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். வெடிப்புகளுக்குள் ஒட்டடையும் தூசியும் இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாமல் கனலும். வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஆள் அங்கேயே இருக்க வேண்டும், பக்கத்தில் வாளியில் தண்ணீரோடு.

இப்போது ரிமூவர். போதிகைப் பூ வேலைக்கு மட்டும் கொஞ்சம் பயன்படுத்தினோம், மூங்கில் குச்சியைக் கூராக்கி நோண்டி எடுத்தோம். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், அடைந்த அறையில் தங்கிவிடும். சாதாரண மாஸ்க் அதை நிறுத்தாது. ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதையே நிறுத்தினார்கள். காஸ்டிக் சோடா மலிவு என்று யாராவது சொல்வார்கள், தேக்கு கறுத்துப்போகும். வேதியியல் படித்தவர்கள் நான் விட்டதைப் பின்னூட்டத்தில் சொல்லலாம், திட்ட வேண்டாம்.

இதற்கு ஆன செலவைச் சொன்னால் "அதற்கு ஃபால்ஸ் சீலிங்கே போட்டிருக்கலாமே" என்பீர்கள். என் பங்காளிகளும் அதைத்தான் சொன்னார்கள். வீடு ஐந்து பேருக்குப் பொது. கூலி கொடுக்க ஒருவர் வரவில்லை. வரி கட்டுவதும் நான், மழைக்கு முன் மாடியில் பதித்த தட்டோட்டில் ஒழுகலைப் பார்ப்பதும் நான். உத்திரம் பளபளவென்று ஆனதும், பழைய மர வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து கன அடிக்கு என்ன விலை போகும் என்று விசாரித்தான் சித்தப்பா பையன். அவன் அப்பா அடித்த பெயிண்டைத்தான் நான் சுரண்டியிருக்கிறேன்! உங்கள் வீட்டிலும் பாகம் பிரிக்காமல் இருந்தால், சாரம் கட்டுவதற்கு முன்னால் செலவுப் பங்கை எழுதி வாங்கிவிடுங்கள்.

சுரண்டிய தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுருட்டிக் கட்டுங்கள், கொல்லையில் கொட்டி எரிக்க வேண்டாம். கடைசியில் ஆளி விதை எண்ணெய் தேய்த்தால் போதும், வார்னிஷ் பளபளப்பு எனக்குப் பிடிக்காது, அது உங்கள் இஷ்டம். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் உருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.