நூறு வயதுப் பள்ளிக்கூடத்துக்கு விக்கிப்பீடியாவில் இடம் உண்டா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. என் அப்பா, நான், என் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் படித்தோம். அதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை எழுத ஆசை. 'தொடக்கப் பள்ளிக்கெல்லாம் எழுதினால் நிற்காது, தூக்கிவிடுவார்கள்' என்கிறான் நண்பன். நூறு வருஷம் ஒரு தகுதி இல்லையா?
(வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: வயது மட்டும் போதாது, அந்த அளவுக்கு நண்பர் சொல்வது சரிதான். விக்கிப்பீடியா பார்ப்பது ஒன்றைத்தான்: பள்ளியோடு சம்பந்தமில்லாத ஒருவர், நம்பத்தக்க ஓர் இடத்தில், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறாரா? இதைத்தான் அங்கே குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். பள்ளி ஆண்டு மலர், தலைமையாசிரியர் எழுதி வைத்த குறிப்பு, கல்வித்துறைப் பட்டியலில் இருக்கும் பெயரும் எண்ணும் எல்லாம் தகவலுக்கு உதவும், தகுதிக்கு உதவாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் மேல்நிலைப் பள்ளி என்றாலே கட்டுரை வைத்துக்கொள்ளலாம் என்று ரொம்ப காலம் ஒரு வழக்கம் இருந்தது. 2017-ல் அதை விவாதித்து, பள்ளி இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று முடிவு செய்தார்கள். தொடக்கப் பள்ளிகளுக்கு அந்தச் சலுகைகூட இருந்ததில்லை. பெரும்பாலும் ஊர்க் கட்டுரையோடு சேர்த்துவிட்டு, பள்ளியின் பெயரில் ஒரு வழிமாற்று வைப்பார்கள், அதாவது பள்ளியின் பெயரைத் தேடினால் ஊர்க் கட்டுரைக்குக் கொண்டுபோய் விடும்.

அதற்காகத் தொடக்கப் பள்ளி என்றாலே தள்ளுபடி என்று நினைக்க வேண்டாம். ஆறுமுக நாவலர் 1848-ல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளிதான். ஆனால் அது ஏன் தொடங்கப்பட்டது, மிஷன் பள்ளிகளுக்கு எதிரில் எப்படி நின்றது, அங்கே என்ன பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அதனால் அதற்குத் தனிக் கட்டுரை தாராளமாக நிற்கும். மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி விஷயம் வேறு. 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் அங்கே தொடங்கியபோது எல்லாப் பத்திரிகையிலும் அதன் பெயர் வந்தது, ஆனால் அந்தச் செய்திகள் திட்டத்தைப் பற்றியவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிக்குத் தனிக் கட்டுரை எழுதுவது கஷ்டம், திட்டத்தின் கட்டுரையில் ஒரு பத்தி எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் பள்ளியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். பலரும் இன்றைய பெயரைப் போட்டுத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நூறு வருஷம் முன்பு ஊராட்சி ஒன்றியம் ஏது? யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்து, அரசு மானியம் வாங்கி, அந்தக் கால உள்ளாட்சி அமைப்புகளான தாலுகா போர்டு, ஜில்லா போர்டு என்று கைமாறி, 1958 ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகுதான் ஒன்றியத்தின் கைக்கு வந்த பள்ளிகள் நிறைய. அதனால் 'போர்டு ஸ்கூல்' என்றும், ஊர்ப் பெயரின் பழைய எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். சுவரில் பதித்த கல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம், அந்த வருஷம் கட்டடம் கட்டியதாக இருக்கும், பள்ளி அதற்கு முன்பே கூரைக் கொட்டகையில் நடந்திருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கல்வித்துறை அறிக்கைகள் இருக்கின்றன, தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து ஊர்க்காரர் யாராவது எழுதிய சுயசரிதையில் இந்தப் பள்ளியைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தாலும் அது பெரிய விஷயம்.

இந்த விதியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மிஷன் பள்ளிகளுக்கு வருஷா வருஷம் அறிக்கை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், அதெல்லாம் அச்சிலும் வந்தது. கிராமத்துப் போர்டு பள்ளிக்கு அப்படி எழுத ஆள் இல்லை. எழுதி வைக்காததாலேயே அது முக்கியமில்லாதது போல ஆகிவிடுகிறது, இது நியாயமில்லை. ஆனாலும் விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். சான்று இல்லாத பக்கத்தில் 'இங்கே படித்த பிரபலங்கள்' என்று யார் யார் பெயரையோ சேர்த்துவிட்டுப் போவார்கள், அப்புறம் உங்கள் பள்ளியைப் பற்றிய உண்மையான தகவலையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஊர்க் கட்டுரையில் பள்ளியைப் பற்றிச் சான்றோடு நாலைந்து வரி சேருங்கள், நீங்களே எடுத்த படங்களை விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள், அதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. கூடவே, எண்பது தொண்ணூறு வயதில் இருக்கும் பழைய மாணவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, விழா மலருக்காக இல்லாமல், நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கோ வரலாற்று இதழுக்கோ நல்ல கட்டுரை ஒன்று எழுதி அனுப்புங்கள். அது அச்சில் வந்தால் நாளைக்கு வேறொருவர் அதை மேற்கோள் காட்டி விக்கிப்பீடியாவில் எழுதலாம். நீங்களே உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டி எழுதினால்தான் சிக்கல்.

கேள்வி: அதே பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் படமெடுத்து இணையத்தில் போடலாமா? செல்லரித்துக்கொண்டிருக்கிறது.

பதில்: தலைமையாசிரியரின் அனுமதியோடு படமெடுத்து ஒரு பிரதியைப் பள்ளியிலேயே கொடுத்து வையுங்கள், அது அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை. ஆனால் இணையத்தில் போடாதீர்கள். பெயர், தகப்பனார் பெயர், சாதி, பிறந்த தேதி என்று வரிசையாக இருக்கும், அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருவில் குடியிருக்கும். முதல் பக்கத்தில் பள்ளியின் பெயரும் வருஷமும் மட்டும் இருந்தால் அந்த ஒரு பக்கத்தைப் போடலாம்.