விலையை வாங்குபவரின் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊறுகாய்க் கடையின் இணையதளத்தில் 480 ரூபாய்ப் பெட்டி ஒன்றை ஒருவர் 1 ரூபாய் செலுத்தி ஆர்டர் செய்திருக்கிறார். விலை ‘ஹிட்டன் ஃபீல்டில்’ இருப்பதால் யார் கண்ணிலும் படாது என்று சொன்ன டெவலப்பர், இப்போது ரைட் கிளிக்கை முடக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா? ஹிட்டன் ஃபீல்டுகளை எல்லாம் நீக்கிவிடலாமா?

பதில்: அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டாம். ஹிட்டன் ஃபீல்டு திரையில் தெரியாதே தவிர, பக்கத்தோடு சேர்ந்து வாங்குபவரின் கணினிக்கே வந்துவிடுகிறது. எஃப்12 விசையை அழுத்தி, திறக்கும் பக்கக் குறியீட்டில் 480 என்பதை அழித்து 1 என எழுதி, ‘வாங்கு’ பொத்தானைத் தட்ட அரை நிமிடம் போதும். ரைட் கிளிக்கை முடக்கினாலும் பிரவுசரின் மெனு வழியாக அதே இடத்திற்குப் போகலாம். இதைப் ‘பாதுகாப்புப் பேக்கேஜ்’ என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிரவுசரில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஃபார்மைச் சரிபார்க்கக் கற்றுத்தந்ததுமே சான்றிதழை நீட்டும் பயிற்சி நிலையங்கள் இருக்கும்வரை இது குறையாது.

ஃபார்மிலிருந்து பொருளின் எண்ணும் அளவும் மட்டுமே வர வேண்டும். விலையை உங்கள் தளத்தை இயக்கும் கணினியான சர்வர் உங்கள் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, கணக்கிட்டு, பணத்தை வசூலிக்கும் பேமென்ட் கேட்வேக்கு அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்த தொகை அதுதானா என்று பார்த்த பிறகே ஆர்டரை உறுதிசெய்ய வேண்டும். அளவு என்ற இடத்தில் -1 என்று வந்தாலும் சர்வரே மறுக்க வேண்டும். பிரவுசரில் நடக்கும் சோதனை வாடிக்கையாளரின் கைப்பிழையைத் திருத்துவதற்கு மட்டுமே உதவும்.

எல்லா ஹிட்டன் ஃபீல்டுகளையும் நீக்கச் சொல்லாதீர்கள். குறிப்பாக டிக் கட்டங்களுக்கு அருகில் இருப்பதைத் தொட வேண்டாம். ‘சலுகைச் செய்திகளை அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் வாடிக்கையாளர் டிக்கை எடுத்துவிட்டால், பிரவுசர் ‘இல்லை’ என்று அனுப்புவதில்லை. அந்தக் கட்டத்தைப் பற்றி எதையுமே அனுப்புவதில்லை. அதனால் பழைய ‘ஆம்’ அப்படியே நின்று, வேண்டாம் என்றவருக்கும் செய்தி போய்க்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் அதே பெயரில் 0 என்ற மதிப்புடன் ஒரு ஹிட்டன் ஃபீல்டை டிக் கட்டத்திற்கு முன்னால் வைக்கிறார்கள். டிக் இல்லாவிட்டால் இந்த 0 மட்டும் போகும். டிக் இருந்தால் இந்த 0, கட்டத்தின் 1 இரண்டும் போகும். சர்வரில் இயங்கும் மொழியான பிஎச்பி கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும். வரிசையை மாற்றி வைத்தால், டிக் செய்தாலும் 0 என்றே பதிவாகும். வேறு சில மொழிகளிலும் கருவிகளிலும் இரண்டும் சேர்ந்து பட்டியலாக வரும் என்பதால், உங்கள் தளம் எதில் எழுதப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஆர்டர்களில் பெற்ற தொகையை விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் சேவை) உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்பதையும் இன்றே உறுதிசெய்யுங்கள். பல டெவலப்பர்கள் அவற்றைத் தம் பெயரில் வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுகிறார்கள். திருத்தம் முடிந்ததாக அவர் சொன்னால், உங்கள் முன்னாலேயே எஃப்12-ஐ அழுத்தி, ஃபார்மில் விலை என்று எதுவும் இல்லை எனக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அளவை -1 என மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். சர்வர் அதை மறுத்தால் மட்டும் மீதித் தொகையைக் கொடுங்கள்.