கொடுத்த மருந்து தீர்ந்துபோனால் மூச்சு நின்றுவிடுமா?

கர்ப்பத்தின் 31ஆவது வாரத்தில் பிறந்த உங்கள் மகனுக்குக் குழாய் வழியாக நுரையீரலில் செலுத்திய சர்ஃபாக்டன்ட் (நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள்) என்றாவது தீர்ந்துவிடுமோ என்பதுதான் உங்கள் கடிதம் முழுவதும் தெரியும் பயம். ஏழு வாரமாகிவிட்ட அவன் இப்போது அந்த மருந்தை நம்பி மூச்சுவிடவில்லை.

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளின் சுவரில் ஏறத்தாழ 5 சதவீதப் பரப்பை மட்டுமே பிடித்திருக்கும் இரண்டாம் வகைச் செல்கள், கொழுப்பும் சிறிது புரதமும் கலந்த சர்ஃபாக்டன்ட்டைத் தயாரித்து, வெங்காயச் செதில்களைப் போல் அடுக்கடுக்காக நுண்பைகளில் சேமிக்கின்றன. மூச்சிழுக்கையில் சிற்றறை விரிய, அப்பைகள் திறந்து சரக்கு வெளியேறி உள்ளிருக்கும் நீர்ப்படலத்தின்மேல் பரவுவதால்தான், மூச்சு விடும்போது சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வதில்லை. பயன்பட்டதில் பெரும்பகுதியை அச்செல்களே உறிஞ்சி மீண்டும் பயன்படுத்துகின்றன. வெளியிலிருந்து கொடுத்த மருந்துக்கும் அதே கதிதான். கருவில் 24ஆவது வாரத்தையொட்டித் தொடங்கும் உற்பத்தி 34, 35 வாரங்களில்தான் போதுமான அளவை எட்டும். உங்கள் மகனிடம் செல்கள் இருந்தன, கையிருப்புதான் இல்லை. பிறந்த சில நாட்களில் செல்கள் வேகம்பிடிக்கும்வரை மருந்து ஈடுகட்டியது. (1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாத மகன் இதே குறையால் இரண்டாம் நாளில் இறந்தபோது, கொடுப்பதற்கு இம்மருந்தே இல்லை.)

தும்மல், விக்கல், தூக்கத்தில் ஐந்து பத்து விநாடி மூச்சு இடைவெளி விட்டுத் தொடர்வது ஆகியவற்றை விட்டுத்தள்ளுங்கள். இணையத்தில் பார்த்து நீங்கள் வாங்கிச் சாப்பிடும் லெசித்தின் மாத்திரை குடலில் செரிக்குமே தவிர, தாய்ப்பால் வழியாகக் குழந்தையின் நுரையீரலைச் சென்றடையாது. உறவினர் வீட்டு நெபுலைசரையும் மீந்த மருந்தையும் இன்றே திருப்பிக் கொடுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி நோய்.

நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது விலாவை. அழாமல் இருக்கும்போது சட்டையைக் கழற்றிப் பாருங்கள்: மூச்சிழுக்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், அதிலும் முனகலோ பால் குடிக்க மறுப்போ சேர்ந்தால், அல்லது முழு ஒரு நிமிடம் எண்ணியதில் மூச்சு 60ஐத் தாண்டினால், காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உதடோ நாக்கோ நீலமானாலும், மூச்சு 20 விநாடி நின்றாலும் உடனே 108ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக, 31 வாரத்தில் பிறந்த குழந்தை என்று சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள்.