தேனைக் காய்ச்சினால் நஞ்சாகுமா?

கேள்வி: பர்கூர் மலையில் இருக்கும் உறவினர் மூலம் ஆண்டுதோறும் தேன் வாங்கி வைப்பது எங்கள் வழக்கம். இந்த மார்கழியில் பாட்டிலில் பாதிக்கு மேல் உறைந்து, அடியில் சர்க்கரையாக நின்றுவிட்டது. என் மாமியார் அதைப் போசியில் ஊற்றி அடுப்பில் கொதிக்கவிட்டு இளக்கினார். "காய்ச்சின தேன் விஷமுங்க, கீழ ஊத்திருங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நாங்களோ தினமும் சூடான சுக்குமல்லிக் காப்பியில் தேன் கலந்துதான் குடிக்கிறோம். என்ன செய்வதுங்க?
வாசகி, அந்தியூர்

பதில்: கீழே ஊற்ற வேண்டாம். கொதித்த தேன் நஞ்சாகிவிடுவதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்கள் அதை அச்சமின்றிச் சாப்பிடலாம். ஆனால் மலையிலிருந்து வந்த நல்ல தேனின் மணத்தையும் குணத்தையும் அந்தக் கொதி ஓரளவு கெடுத்திருக்கும் என்பதால், அடுத்த முறை அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் உறைந்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. அதில் குளுக்கோஸ் என்னும் பகுதி, கரைந்து நிற்கப் போதிய நீர் இல்லாததால், குளிர் வந்ததும் மணிமணியாகப் பிரிந்து அடியில் நின்றுவிடுகிறது. சுமார் 14 டிகிரி செல்சியஸில் இது மிக விரைவாக நடக்கும். உறைந்த தேனைக் கலப்படம் என்று நினைப்பதும், உறையாததெல்லாம் சுத்தமான தேன் என்று நம்புவதும் தவறு.

இனி, சூடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். தேனீயின் உடலிலிருந்து தேனில் சேரும் நொதிகள், அதாவது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், சில உண்டு. அவற்றுள் சர்க்கரையைப் பிரிக்கும் இன்வெர்டேஸ் என்பது 70 டிகிரியில் சுமார் முக்கால் மணி நேரத்திலும், 80 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள்ளும் பாதியாகக் குறைந்துவிடும். கிருமிகளை எதிர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தேனில் உண்டாக்கும் மற்றொரு நொதியும் சூட்டில் செயலிழக்கும். அடுப்பில் தளதளவெனக் கொதித்த உங்கள் தேனில் இவை பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் நாம் விழுங்கும் தேனின் நொதிகள் மற்றப் புரதங்களைப் போலவே வயிற்றில் செரிக்கப்பட்டுவிடுவதால், உண்பவருக்கு இது பெரிய இழப்பு அன்று. தேனின் இனிப்பும், தொண்டைக்கு இதமாக இருக்கும் அதன் கொழகொழப்பும், பூக்களிலிருந்து வரும் பாலிபீனால் என்னும் தாவரப் பொருள்களில் பெரும்பகுதியும் சூட்டுக்குப் பின்னும் இருக்கும். மணம் மட்டும் மீளாது; உண்மையான நட்டம் அதுதான் என்பது என் எண்ணம்.

"விஷம்" என்ற பேச்சுக்கு அறிவியல் தரப்பில் காட்டப்படும் பொருள் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால், சுருக்கமாக ஹெச்.எம்.எஃப். தேனிலுள்ள ஃபிரக்டோஸ் சிதையும்போது இது உருவாகிறது. கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் வரம்பு. அந்த உச்ச அளவிலேயே தேன் இருந்தாலும், ஒரு தேக்கரண்டியில், அதாவது சுமார் ஏழு கிராமில், அரை மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதலாகத்தான் இது இருக்கும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் வறுத்த காப்பித்தூளில் கிலோவுக்குப் பல நூறு மில்லிகிராம் ஹெச்.எம்.எஃப். உண்டு. எனவே இந்த வரம்பைத் தேனின் புதுமைக்கும் பக்குவத்துக்கும் அளவுகோலாகக் கொள்ள வேண்டுமே தவிர, நஞ்சின் எல்லையாகக் கருதக் கூடாது. தேனீக்களுக்கோ இது உண்மையிலேயே கேடு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் பெட்டி வைத்திருப்பவர்கள் காய்ச்சிய பழைய தேனைத் தேனீக்களுக்குத் தீனியாக வைக்காமல் இருப்பது நல்லது.

அடுப்புச் சூட்டைக் கண்டு அஞ்சும் நாம் வெயில் சூட்டை மறந்துவிடுகிறோம். கிலோவுக்குச் சுமார் 30 மில்லிகிராம் ஹெச்.எம்.எஃப். சேர 70 டிகிரியில் ஐந்து முதல் பதினான்கு மணி நேரம் ஆகும்; 50 டிகிரியில் நான்கு முதல் பத்து நாள்; 40 டிகிரியில் இருபது முதல் ஐம்பது நாள். சித்திரை வைகாசியில் ஈரோட்டிலும் கரூரிலும் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிறது. சாலையோரக் கடையில் வெயில் படும்படி மாதக்கணக்கில் அடுக்கி வைத்த தேன், உங்கள் மாமியார் சில நிமிடம் கொதிக்கவிட்ட தேனைவிடக் கெட்டிருக்கக்கூடும். ஆகவே தேனை நிழலான, சூடேறாத அலமாரியில் வையுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் வெறும் வாய்ப்பேச்சு அன்று. சூடாக்கிய தேன் உடலுக்குக் கேடு என்று சரக சம்ஹிதை முதலிய ஆயுர்வேத நூல்கள் கடுமையாகவே எச்சரிக்கின்றன. நச்சுத்தன்மையுள்ள பூக்கள் உட்படப் பலவகைப் பூக்களிலிருந்தும் திரட்டப்படுவதால் தேன் சூட்டுக்கு ஒவ்வாது என்பது அவை கூறும் காரணம். லேகியம் கிண்டுபவர்கள் அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த பிறகே தேன் விடுவதையும் பார்த்திருப்பீர்கள். மணமும் நொதிகளும் காக்கப்படுவதால் அந்தப் பக்குவத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் காய்ச்சிய தேனை உண்டவர் நஞ்சுண்டவராவார் என்பதற்கு இன்றைய ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. சுக்குமல்லிக் காப்பியையும் அப்படியே செய்யுங்கள்: இறக்கி, வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தேனைக் கலக்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தேன் சுட்டதானாலும் சுடாததானாலும் சர்க்கரைதான்.

உறைந்த தேனை இளக்க, மூடிய கண்ணாடிப் பாட்டிலை விரல் வைத்தால் சுடாத வெந்நீரில், அதாவது 40 முதல் 45 டிகிரிக்குள், நிறுத்தி வையுங்கள். நீர் ஆறியதும் மாற்றுங்கள். தேன்கூட்டின் நடுப்பகுதியே 35 டிகிரியை ஒட்டி இருப்பதால் இந்தச் சூடு தேனுக்குப் பகையன்று. மலைத்தேன் சில சமயம் நீர்த்து, நுரைத்து, புளித்த வாடை அடிக்கும்; நீர் 20 விழுக்காட்டைத் தாண்டிய தேனில் ஈஸ்ட் வளர்வதே காரணம். பதப்படுத்தும் நிலையங்களில் 60 டிகிரியை ஒட்டிச் சிறிது நேரம் சூடாக்குவது இதைத் தடுக்கத்தான். ஏற்கெனவே புளித்ததை வீட்டில் காய்ச்சி மீட்க முடியாது.

கேள்வி: வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான். சேனை வைக்க, அதாவது குழந்தையின் நாவில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்க, தேன் வேண்டும் என்கிறார் எங்கள் அம்மாயி. காய்ச்சி ஆறவைத்தால் கிருமி செத்துவிடுமே, வைக்கலாமா?
வாசகர், காங்கேயம்

பதில்: வைக்கக் கூடாது. காய்ச்சினாலும் கூடாது. வசம்பை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும் கூடாது. ஒரு வயது நிறையும் வரை ஒரு சொட்டுத் தேனும் வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காமல் வெளியேறிவிடும். பச்சிளங்குழந்தையின் முதிராத குடலில் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சைச் சுரக்கும். இந்த வித்துகள் கொதிக்கும் சூட்டுக்கும் தப்பிவிடும். அவற்றை அழிக்க அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பம் வேண்டும். எந்த மலையின் தேன், எவ்வளவு சுத்தமான தேன் என்பதைப் பார்த்து இதைக் கண்டறிய வழியில்லை.

அம்மாயியிடம் சடங்கை மறுத்துப் பேச வேண்டியதில்லை. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் வாங்கி வாழ்த்தட்டும். நாவில் முதலில் படுவது தாயின் சீம்பாலாக இருக்கட்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. ஏற்கெனவே தேன் தொட்டு வைத்திருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் மலச்சிக்கல், பால் குடிக்கும் வேகம் குறைதல், அழுகை ஈனமாதல், இமை தொங்குதல், தலை நிற்காமல் துவளுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, தேன் கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.