எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆகும்?

அயனியாக்கும் ஆற்றல், அதாவது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல், பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். எண்கள் எல்லாம் முதல் எலக்ட்ரானுக்கு, மோலுக்கு இத்தனை கிலோ ஜூல் என்ற கணக்கில்.

சார், தனிம அட்டவணையின் வரிசையில் இடமிருந்து வலம் போனால் கூடும் என்று படித்தோம். நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314 என்று இருக்கிறதே, அச்சுப் பிழையா? (பிளஸ் ஒன் மாணவி)

பிழை இல்லைம்மா. இரண்டாம் கூட்டின் 2p பகுதியில் மூன்று ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் குடியிருக்கும் இடங்கள். நைட்ரஜனில் மூன்று எலக்ட்ரான்களும் ஆளுக்கொன்றில் தனியாக இருக்கின்றன. ஆக்சிஜனின் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் இடத்தில்தான் போய் ஒண்ட வேண்டும். இரண்டுமே எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதல் இருப்பதால் ஒன்றை வெளியே எடுப்பது சுலபமாகிறது. 'பாதி நிரம்பியது, அதனால் நிலைப்பு' என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். எது எதைத் தள்ளுகிறது என்பதையும் எழுதுங்கள், அதுதான் காரணம்.

பெரிலியம் 899, போரான் 801. அதே காரணமா சார்?

இல்லை. பெரிலியம் இழப்பது 2s எலக்ட்ரான், போரான் இழப்பது 2p எலக்ட்ரான். 2p, 2s-ஐவிட உயர்ந்த ஆற்றலில் இருக்கிறது, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பு அதை முழுதாக எட்டாதபடி மறைக்கவும் செய்கின்றன.

அட்டவணையின் ஒரே தொகுதியில் (நெடுவரிசையில்) கீழே போனால் குறைய வேண்டும். அலுமினியமும் காலியமும் ஏன் 578, 579? (நீட் எழுதப் போகிறேன்)

நல்ல கேள்வி தம்பி. காலியத்துக்கு முன்னால் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் வந்துவிடுகின்றன. அணுக்கருவில் பத்துப் புரோட்டான்கள் கூடின. கூடவே வந்த பத்து 3d எலக்ட்ரான்கள் அந்த இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. கூடு ஒன்று அதிகமானாலும் பிடி தளரவில்லை.

பரீட்சை தவிர இந்த எண்களால் என்ன பயன்? என் மகன் கேட்கிறான்.

அவனுக்கு வேதியியலாளர் நீல் பார்ட்லெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1962, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதை அவர் கண்டிருந்தார். அப்புறம் எண்களைப் பார்த்தார்: ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 1175, செனானுக்கு 1170. அப்படியானால் செனானிடமும் பறிக்க முடியுமே! செனான் போன்ற மந்த வாயு எதனோடும் சேராது என்று உலகமே நம்பிய காலம் அது. பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடின் அடர்சிவப்பு ஆவியையும் நிறமற்ற செனானையும் கலக்க விட்டார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திடப்பொருள் உண்டானது. எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம் இது.

எல்லாவற்றிலும் குறைவு பிரான்சியம்தானே?

சீசியம். அதற்கு 376, பிரான்சியத்துக்கு 393. அவ்வளவு கனமான அணுவில் s எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்கு அருகே மிக வேகமாக ஓடுகின்றன. அந்த வேகத்தால் வரும் சார்பியல் விளைவால் அந்த ஆர்பிட்டால் சுருங்கி, வெளி எலக்ட்ரான் சற்று இறுக்கமாகப் பிடிபடுகிறது.